கேளுங்க சொல்றோம்: மலைக்கு என்ன ரேட்டு?

கேள்வி: அண்ணா, சேலத்துல பி.ஜி. படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக ஏற்காடு பக்கம் ஒரு கிராமத்துல "இந்தக் கோயில் காட்டைக் காப்பாத்த வருஷத்துக்கு எவ்ளோ குடுப்பீங்க"ன்னு சர்வே எடுத்தேன். பாதிப் பேர் "சாமி காட்டுக்கு நான் எதுக்கு கண்ணு காசு குடுக்கணும்"னு கேட்டுட்டாங்க. ஷீட்ல ஜீரோன்னு போடலாமா?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: போடாதம்மா. ஜீரோ போட்டா அந்தக் காடு அவங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும், அவங்க சொன்னது அதுக்கு நேர் எதிர். இயற்கைக்கு ரூபாயில மதிப்பு போடற துறையில இதுக்கு எதிர்ப்பு ஜீரோன்னே பேரு இருக்கு, நிறைய ஆய்வுல சராசரி எடுக்கறதுக்கு முன்னாடி இதைத் தூக்கிப் போட்டுடுவாங்க, கணக்கு சுத்தமா வரணும்ல, ஆனா பாதி ஊரைத் தூக்கிப் போட்டுட்டு மிச்சப் பேரோட சராசரியை ஊரோட மதிப்புன்னு எழுதறது என்னைக் கேட்டா அராஜகம். ஷீட்ல தனியா ஒரு கட்டம் போட்டு, ஏன் மாட்டேன்னாங்கன்னு அவங்க பேச்சுலயே எழுது. உருப்படியான பக்கம் அதுவாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு. "எவ்ளோ குடுப்பீங்க"ன்னு கேட்டா வர்ற தொகையும் "காடு போனா எவ்ளோ வாங்கிட்டு சரின்னுவீங்க"ன்னு கேட்டா வர்ற தொகையும் ஒண்ணு இல்ல, ரெண்டாவது பெரும்பாலும் பல மடங்கு வரும். 1989ல அலாஸ்காவுல எக்சான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டுச்சே, அதுக்கப்புறம் பொருளாதார நிபுணர்கள் கென்னத் ஏரோவும் ராபர்ட் சோலோவும் தலைமை தாங்குன குழு 1993ல இந்த சர்வே முறையை ஒத்துக்கிச்சு, ஆனா "குடுப்பீங்களா"ன்னு கேக்கறதுதான் நல்லதுன்னுச்சு, தொகை அடக்கமா வரும்ங்கறதுக்காக. அதுல ஒரு சிக்கல், பதில் சொல்றது மனசு மட்டும் இல்ல, பாக்கெட்டும்தான். காபி எஸ்டேட்ல தினக்கூலிக்குப் போற அக்காவும், சனி ஞாயிறு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி கார்ல வர்றவரும் அதே காட்டை ஒரே அளவுக்கு மதிச்சாலும் ஷீட்ல தொகை ஒண்ணா வராது. வருமானத்தையும் கேட்டு எழுதிக்கோ.

கேள்வி: காட்டை எடுத்துக்கறவங்க ஹெக்டேருக்கு இவ்ளோன்னு கட்டிட்டா போதுமாமே, நிஜமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: ரேட்டு இருக்குங்க, ஆனா அது மட்டும் போதாது, மத்திய அரசு அனுமதியும் வேணும். சுப்ரீம் கோர்ட் 2002ல ஆரம்பிச்சு வச்சது, 2008ல ஹெக்டேருக்கு 4.38 லட்சத்துல இருந்து 10.43 லட்சம் ரூபா வரைக்கும்னு ஆச்சு, காட்டோட வகையையும் அடர்த்தியையும் பொறுத்து. 2022ல சுமார் 9.5 லட்சத்துல இருந்து 16 லட்சம்னு ஏத்திட்டாங்க. ரேட்டே இல்லாம சும்மா எடுத்துட்டுப் போனதுக்கு இது தேவலாம்தான். ஆனா இந்த அட்டவணை "எவ்ளோ"ன்னுதான் சொல்லும், "வெட்டலாமா"ன்னு சொல்லாது, அதை யாரைக் கேட்டு முடிவு பண்றாங்கங்கறதுதான் விஷயமே. நம்ம சேர்வராயன் மலையிலயும் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டு போனாங்க. ஒடிசாவுல நியம்கிரியிலயும் அதே பாக்சைட், அங்கயும் மலையே சாமி. 2013ல சுப்ரீம் கோர்ட் கிராம சபையைக் கேளுங்கன்னுச்சு, 12 கிராம சபையும் வேணாம்னுடுச்சு. 2006 வன உரிமைச் சட்டம் கையில இருந்ததாலதான் கோர்ட்டால அப்படிக் கேக்கச் சொல்ல முடிஞ்சுது, ரேட்டு அட்டவணை கூடுதலா இருந்தா மட்டும் நடந்திருக்காது.

கேள்வி: டூரிஸ்ட் பண்ற செலவை வச்சே ஏற்காட்டுக்கு மதிப்பு போடலாமே?
– லாட்ஜ் நடத்துபவர், ஏற்காடு

பதில்: போடலாம், ஹேரல்ட் ஹோட்டலிங்ங்கற பொருளாதார நிபுணர் 1947லயே இதைச் சொல்லிட்டாரு. பஸ் காசு, பெட்ரோல், லீவு போட்ட நாள் எல்லாம் கணக்குல வரும். ஆனா மேல ஏறி வர்றவங்க மட்டும்தான் அதுல வருவாங்க. திருமணிமுத்தாறு உங்க மலையில பொறந்துதான் சேலத்துக்குள்ள வருது, கீழ இருக்கறவங்க யாரும் அதுக்கு டிக்கெட் எடுக்கறதில்ல. ரூம் வாடகையைக் கூட்டுங்க, லாட்ஜ் கழிவுத் தண்ணி எந்த ஓடையில இறங்குதுன்னும் அதே நோட்டுல எழுதிக்கோங்க.