மழையில் கார் சறுக்கி மோதினால் ஓட்டுநர் பொறுப்பாவாரா?

கேள்வி: கனமழையில் நண்பரின் கார் சறுக்கி, நெடுஞ்சாலையில் விளக்கு எரியாமல் நின்ற லாரியின் பின்புறம் மோதியது. பின்னிருக்கையில் இருந்த என் அண்ணனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. "இது மழையால் வந்தது, யார் மீதும் வழக்குப் போட முடியாது" என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன், மழையைக் காரணம் காட்டித் தப்பித்தவர்கள் மிகக் குறைவு. ஓடும் வண்டி மீது மரம் முறிந்து விழுந்தால் அது வேறு கதை. மழை அப்படி வருவதில்லை. கண்ணுக்குத் தெரிந்துதான் பெய்கிறது. பெய்கிறது என்று தெரிந்த பிறகு ஓட்டுநர் என்ன செய்தார் என்பதே கேள்வி.

குறுக்கு விசாரணையில் ஓட்டுநர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: "நல்ல மழை ஐயா, முன்னால் ஒன்றுமே தெரியவில்லை." அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "தெரியவில்லை என்றால் ஏன் ஓரமாக நிறுத்தவில்லை?" இதற்கு உருப்படியான பதில் சொன்னவரை நான் பார்த்ததில்லை.

சறுக்கியது என்பதும் தானாக விடுதலை தந்துவிடாது. டயரைப் பாருங்கள். கார் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கும் கீழே தேய்ந்திருந்தால் தண்ணீரை வெளியே தள்ள வழியில்லாமல் சக்கரம் மிதக்கத் தொடங்கிவிடும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் "இயந்திரக் கோளாறு இல்லை" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுவதுண்டு. அதனால் வண்டி காவல் நிலைய வாசலில் நிற்கும்போதே டயர்களைப் புகைப்படம் எடுத்துவிடுங்கள்.

லாரியையும் விட்டுவிடாதீர்கள். எச்சரிக்கை விளக்கோ முக்கோணமோ இல்லாமல் மழையில் நெடுஞ்சாலையில் நிறுத்துவதும் கவனக்குறைவுதான். தவறின் பங்கு 50க்கு 50 என்றோ 70க்கு 30 என்றோ, விபத்து இழப்பீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயம் பிரிக்கலாம். அது அந்த இரண்டு காப்பீட்டு நிறுவனங்களுக்கு இடையிலான கணக்கு. பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தவர் தலையில் ஓட்டுநரின் பங்கைச் சுமத்தக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே மனுவில் இரு வண்டிகளின் உரிமையாளர்களையும் காப்பீட்டு நிறுவனங்களையும் சேர்த்துவிடுங்கள்.

நண்பர் மீதே வழக்கா என்று சங்கடப்படுவீர்கள். பெயர் அவருடையது, பணம் காப்பீட்டு நிறுவனத்தினுடையது. அவர் குடித்திருந்தாலோ உரிமம் இல்லாதிருந்தாலோதான் சிக்கல். ஒன்றை மட்டும் பாருங்கள்: அவருடைய பாலிசி வெறும் மூன்றாம் நபர் காப்பீடா, முழுக் காப்பீடா? தனியார் காரில் கட்டணமின்றிப் பயணித்தவருக்கு முழுக் காப்பீடு இருந்தால்தான் அந்த நிறுவனம் பணம் தரும். வெறும் மூன்றாம் நபர் காப்பீடு என்றால், லாரியின் பாலிசிதான் உங்களுக்கு முக்கியமாகிவிடும்.

முதல் தகவல் அறிக்கையில் "மழையில் சறுக்கி" என்று எழுதியிருந்தாலும் கலங்க வேண்டாம். தீர்ப்பாயத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானால்கூட இழப்பீட்டு வழக்கு தனியே நடக்கும்.

யார் தவறு என்று நிரூபிக்காமலே பெறும் வழியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆனால் அதை ஏற்றுக் கையெழுத்திட்டால் 166-ஆம் பிரிவில் கூடுதலாகக் கேட்கும் மனு காலாவதியாகிவிடும். தொடை எலும்பு என்பதால் தகடு வைத்த செலவு, வேலைக்குப் போகாத மாதங்கள், நிரந்தர ஊனச் சதவீதம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. அதைக் கடக்க விடாதீர்கள். அண்ணன் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம், விபத்து நடந்த மாவட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை.