சார்லமேன் பரிசு தலைவர்கள் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்ளும் பொன்னாடைதானா?

ஐரோப்பிய ஒற்றுமைக்கு உழைத்தவர்களுக்கென்று ஜெர்மனியின் ஆகன் நகரில் ஆண்டுதோறும் வழங்கப்படும் சார்லமேன் பரிசுக்கு உண்மையான மதிப்பு உண்டா, அல்லது அது பதவியில் இருப்பவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் சடங்குதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்நகரில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படித்தவன் நான். உங்கள் ஐயத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பரிசளிப்பு விழா இயேசுவின் விண்ணேற்றத் திருநாளான வியாழக்கிழமையில் நடைபெறும். அன்று ஜெர்மனி முழுவதும் பொது விடுமுறை. கடைகள் அடைத்திருக்கும் என்பதை மறந்து பால் வாங்கப் புறப்பட்ட நான், நகர மண்டபத்தின் முன்னால் காவலர்கள் வழியை அடைத்து நிற்பதைக் கண்டபோதுதான் இப்படியொரு பரிசு இருப்பதையே அறிந்தேன். காலையில் பேராலயத்தில் வழிபாடு முடிந்ததும், மண்டபத்தின் மேல்தளத்தில் உள்ள முடிசூட்டுக் கூடத்தில் விழா நடக்கும். மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பேரரசர் சார்லமேனின் அரண்மனை இருந்த இடத்தில்தான் அந்த மண்டபம் எழுந்து நிற்கிறது. 814ஆம் ஆண்டில் மறைந்த அந்தப் பேரரசரின் எலும்புகள் அருகிலுள்ள பேராலயத்தில் இன்றும் இருக்கின்றன.

இந்தப் பரிசை எந்த அரசும் தோற்றுவிக்கவில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. 1949 டிசம்பரில் கூர்ட் பைஃபர் என்ற ஆகன் நகரத் துணி வணிகர், தாம் சார்ந்திருந்த வாசகர் வட்டத்தின் கூட்டத்தில் இந்த யோசனையை முன்வைத்தார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1944 அக்டோபர் 21 அன்று, இரண்டாம் உலகப் போரில் கடும் தெருச் சண்டைக்குப் பிறகு நேசப் படைகளின் கைக்குச் சென்ற முதல் பெரிய ஜெர்மன் நகரமாக ஆகன் இருந்தது. பெல்ஜியமும் நெதர்லாந்தும் நகரத்தின் விளிம்பிலேயே தொடங்குவதால், எல்லை மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதை அங்குள்ள வணிகருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஒன்றிணைக்கும், பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வித்திட்ட தமது திட்டத்தை அறிவித்தது 1950 மே 9 அன்று என்பதை நினைத்தால், பைஃபரின் யோசனை அதற்கும் முந்தியது என்பது எனக்கு இப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

1950இல் முதல் பரிசைப் பெற்றவர் எந்தப் பதவியிலும் இருக்கவில்லை. டோக்கியோவில் ஜப்பானியத் தாய்க்குப் பிறந்து, 1920களிலேயே ஐரோப்பா முழுவதும் ஒரே கூட்டமைப்பாக வேண்டும் என்று இயக்கம் நடத்திய ரிச்சர்ட் கூடன்ஹோவ்-கலேர்கி அவர். ஆனால் 1954இல் கொன்ராட் அடெனாவர் மேற்கு ஜெர்மனியின் பிரதமராக இருந்துகொண்டே பரிசு பெற்றார். அதன் பின்னர் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் கோலும் 1988இல் சேர்ந்து பெற்றது, 1999இல் பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர், 2008இல் ஜெர்மன் பிரதமர் அங்கெலா மெர்கெல், 2018இல் பிரெஞ்சு அதிபர் மக்ரோன், 2025இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையன் எனப் பதவியில் இருந்தவர்களின் வரிசை நீள்கிறது. 1969இல் ஐரோப்பிய ஆணையத்துக்கே பரிசு வழங்கினார்கள். 2002இல் யூரோ நாணயத்துக்கு வழங்கினார்கள். நாணயத்துக்கு மாலை போடுவது சற்று அதிகம்தான். தகுதியானவர் இல்லையென்றால் பரிசை நிறுத்திவைக்கும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. 1974, 1975 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தக் கண்டிப்பு பிற்காலத்தில் தளர்ந்துவிட்டது என்பது என் எண்ணம்.

இத்தனைக்கும் பிறகு நான் இந்தப் பரிசை ஒதுக்கிவிடாமல் இருப்பதற்கு முதல் காரணம் 1963. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பிரிட்டனைச் சேர்ப்பதற்கான பேச்சுவார்த்தையை நடத்தியவர் பிரிட்டிஷ் அமைச்சர் எட்வர்ட் ஹீத். அவ்வாண்டு ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் தெ கோல் அதைத் தடுத்துவிட்டதால், அவருடைய உழைப்பு முழுவதும் வீணாகிப்போனது. தோற்றுத் திரும்பிய அந்த மனிதரை அழைத்துத்தான் ஆகன் அந்த ஆண்டின் பதக்கத்தை அணிவித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் உறுப்பு நாடானபோது, அதன் பிரதமராக இருந்தவர் அதே ஹீத்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 782இல் வெர்டன் என்ற இடத்தில் 4,500 சாக்சன் மக்களை ஒரே நாளில் தலை வெட்டச் செய்தவர் சார்லமேன் என்று அவருடைய பிராங்கு அரசவையின் ஆண்டுக் குறிப்பே கூறுகிறது. ஒற்றுமைக்கான விருதுக்கு அவர் பெயர் பொருந்துமா என்று கேட்பவர்களை என்னால் மறுக்க முடியவில்லை. மேலும், அவருடைய பேரரசின் வரைபடம் மேற்கு ஐரோப்பாவோடு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பரிசும் நாற்பது ஆண்டுகள் கம்யூனிச ஆட்சியில் இருந்த கிழக்கு ஐரோப்பாவுக்குப் போகவில்லை. 1989இல் ஹங்கேரியின் எல்லையைத் திறந்துவிட்ட வெளியுறவு அமைச்சர் கியூலா ஹோர்னுக்கு 1990இலும், செக்கோஸ்லோவாக்கியாவின் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெலுக்கு அடுத்த ஆண்டிலும் வழங்கிய பிறகே அது மாறியது.

பட்டியலிலிருந்து ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக் காட்டச் சொன்னால் நான் 2022ஐக் காட்டுவேன்; பரிசை ஒதுக்கிவிடாமல் இருப்பதற்கு அதுவே என் இரண்டாவது காரணம். பெலாரூஸ் அதிபர் லுகஷென்கோவை எதிர்த்து நின்ற ஸ்வியத்லானா சிகனோஸ்கயா, வெரோனிகா செப்கலோ, மரியா கலெஸ்னிகவா ஆகிய மூன்று பெண்களுக்கும் அவ்வாண்டு பரிசு வழங்கப்பட்டது. முதல் இருவரும் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார்கள். கடவுச்சீட்டைக் கிழித்தெறிந்து, தன்னை எல்லை கடத்த விடாமல் தடுத்த கலெஸ்னிகவா அப்போது சிறையில் இருந்ததால், அவருக்குரிய பரிசை முடிசூட்டுக் கூடத்தில் அவருடைய சகோதரி பெற்றுக்கொண்டார்.