மந்திரியை யார் கேள்வி கேட்பது? வாசகர்களுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நாடாளுமன்றத்தையும் மத்திய அரசையும் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஐந்துக்குப் பதில் எழுதுகிறேன்.

தேர்தலிலேயே நிற்காதவர் எப்படி மத்திய மந்திரி ஆகிறார்? இது முறைதானா? (திண்டுக்கல் வாசகர்)

முறைதான். ஏதாவது ஒரு அவையில் உறுப்பினராவதற்கு அரசியல் சட்டத்தின் 75ஆவது பிரிவு ஆறு மாத அவகாசம் தருகிறது. வெளியுறவு மந்திரியாக ஜெய்சங்கர் 2019 மே 30 அன்று பதவியேற்றபோது எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை, ஜூலையில்தான் குஜராத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானார். ஆறு மாதம் முடிவதற்குள் ராஜினாமா செய்துவிட்டு, திரும்பவும் பதவியேற்று இன்னொரு ஆறு மாதம் ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது, பஞ்சாப் மந்திரி ஒருவரின் வழக்கில் 2001இலேயே உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது.

எங்கள் எம்.பி. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார் என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது? (தென்காசி ஆசிரியை)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நம் முறையில் மக்களவையில் பெரும்பான்மை உள்ள கட்சியோ கூட்டணியோதான் அரசாங்கம், அதனால் ஓட்டெடுப்பில் அரசு தோற்பது அபூர்வம், 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்ததைப் போல எப்போதாவது ஒருமுறை நடக்கும். மற்ற நாட்களில் அரசை நெருக்குவதற்கு எம்.பி. கையில் இருக்கும் நல்ல கருவி கேள்விதான்.

முதலில் அது நட்சத்திரக் குறியிட்ட கேள்வியா என்று பாருங்கள். குறி இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். குறி இருந்தால் மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். துணைக் கேள்வி என்னவென்று முன்கூட்டியே தெரியாது என்பதால்தான் அந்தந்தத் துறை அதிகாரிகள் அவைக்கு வந்து தங்களுக்கான மாடத்தில் உட்கார்ந்து மந்திரிக்குத் துண்டுச்சீட்டு அனுப்புகிறார்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் இருக்கும், குலுக்கலில்தான் வரிசை வரும், கேள்விகளுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் பாதிகூட முடிவதில்லை. மீதிக்கு எழுத்தில் பதில் வந்துவிடும்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று. மந்திரி "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது" என்று சொன்னால் மழுப்பிவிட்டார் என்று நினைத்து நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் அவைக் கணக்கில் அது ஒரு உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், தவறினால் எம்.பி.க்கள் அடங்கிய அரசு உறுதிமொழிக் குழு அந்தத் துறையைக் கூப்பிட்டுக் கேட்கும். போஸ்டர் ஒட்டியவர்களிடம் அந்தக் கேள்வியின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் பதில் அப்படியே இருக்கும், படித்துவிட்டு எம்.பி.க்கு அடுத்த கேள்வியை நீங்களே எழுதி அனுப்பலாம்.

குடியரசுத் தலைவர் மசோதாவில் கையெழுத்துப் போட மறுத்தால்? (கல்லூரி மாணவர், வேலூர்)

சாதாரண மசோதா என்றால் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். இரு அவைகளும் மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதல் தந்தே ஆகவேண்டும். எம்.பி.க்கள் சில அரசுப் பதவிகளையும் வகிக்க வழிசெய்த ஆதாயப் பதவி மசோதாவை 2006இல் அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார், நாடாளுமன்றம் திருத்தம் இல்லாமல் திரும்ப நிறைவேற்றியது, கையெழுத்திட்டார். அவருக்கு முன்பு குடியரசுத் தலைவராக இருந்த ஜெயில் சிங் செய்தது வேறு. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தந்த 1986 அஞ்சல் மசோதாவில் அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. ஒப்புதலுக்கு அரசியல் சட்டத்தில் கெடு இல்லை, மசோதா அப்படியே கிடந்தது. நல்லவேளை கிடந்தது என்பது என் கருத்து, ஆனாலும் இப்படி ஒரு ஓட்டை இருப்பது சரியில்லை.

சட்டம் நிறைவேறியது என்று செய்தி வருகிறது, வருஷக்கணக்கில் அமலுக்கு வரவில்லையே? (சேலம்)

அவைகள் நிறைவேற்றுவது சட்டம். அதை நடத்துவதற்கான விதிகளை எழுதுவது அமைச்சகம். எந்தத் தேதியிலிருந்து அமல் என்று அரசிதழில் அறிவிப்பதும் பெரும்பாலும் அரசுதான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, விதிகள் வெளியானது 2025 நவம்பரில். படிவம், அவகாசம் என்று உங்களை நேரடியாகத் தொடும் பல விஷயங்கள் விதிகளில்தான் இருக்கும். வரைவு விதிகளை வெளியிட்டு அரசு கருத்துக் கேட்கும்போது இரண்டு வரியாவது எழுதிப் போடுங்கள்.

மந்திரியாக இல்லாத எம்.பி. தானே ஒரு சட்டம் கொண்டுவர முடியுமா? (புதுச்சேரி)

முடியும். தனிநபர் மசோதா என்பார்கள், வெள்ளிக்கிழமை மதியம் அதற்கு நேரம். ஆனால் இதுவரை 14தான் சட்டமாகியிருக்கின்றன, 1970க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அருகில் வந்தது நம்மவர் ஒருவரின் மசோதா: தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் (திருநங்கை, திருநம்பி) உரிமைகள் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது நகரவில்லை. 2019இல் அரசே தன் மசோதாவைக் கொண்டுவந்து சட்டமாக்கியது. கல்வியிலும் வேலையிலும் சிவா கேட்டிருந்த இடஒதுக்கீடு அதில் இல்லை.