லட்லோவுக்குப் புறப்படும் முன்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் மாவட்டத்தில், வேல்ஸ் எல்லைக்கு அருகே, டீம் ஆறு வளைந்து செல்லும் ஒரு மேட்டின்மேல் அமைந்த பழைய சந்தை நகரம் லட்லோ. அந்த ஊரைப் பற்றியும் அதைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைப் பற்றியும் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாக அங்கே போய்வருபவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ரெடிங்கிலிருந்து ஒருவர்): யார்க், பாத், ஆக்ஸ்ஃபோர்டு எல்லாம் பார்த்துவிட்டோம். லட்லோவில் தனியாக என்ன இருக்கிறது? லண்டன் பக்கத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

பதில்: திரும்பலாம், ஆனால் வேண்டாம் என்பேன். லண்டனிலிருந்து நேரடி ரயில் கிடையாது. யூஸ்டனில் ஏறி குரூவில் மாற வேண்டும், அல்லது பாடிங்டனில் ஏறி நியூபோர்ட்டில் மாற வேண்டும். எப்படிப் போனாலும் ஏறத்தாழ மூன்று முதல் மூன்றரை மணி நேரம் ஆகும். போக வர ஆறேழு மணி நேரத்தை ரயிலுக்குக் கொடுத்துவிட்டு மீதி நேரத்தில் ஊரைச் சுற்றினால், கோட்டை வாசலில் எடுத்த ஒரு படம்தான் மிஞ்சும். இரண்டு இரவு தங்குங்கள்.

தனியாக என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, ஊரின் அமைப்பே பதில். அரசரிடம் உரிமை பெற்று, குறித்த நாளில் சந்தை கூட்டிய ஊர்களையே சந்தை நகரம் என்கிறார்கள். லட்லோவில் முதலில் வந்தது கோட்டை. நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பின், 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் டி லேசி குடும்பத்தார் அதைக் கல்லால் கட்டத் தொடங்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் கோட்டை வாசலுக்கு எதிரே ஓர் அகலமான சந்தைத் தெருவை விட்டு, அதிலிருந்து ஆற்றை நோக்கி நேர்த்தெருக்களை இறக்கி, திட்டமிட்டு ஊரை அமைத்தார்கள். அந்தச் சந்தைத் தெருவின் கிழக்குப் பாதியில், நாளடைவில் தற்காலிகக் கடைகளெல்லாம் நிரந்தரக் கட்டடங்களாக மாறிவிட்டன. பட்டர்கிராஸ் என்ற பழைய சந்தைக் கட்டடத்தை ஒட்டி இரண்டு பேர் தோளுரசி நடக்கும்படியான சந்துகள் இருப்பதற்கு இதுவே காரணம். அவை முன்பு கடை வரிசைகளுக்கு நடுவே இருந்த நடைவழிகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே நின்று பாருங்கள். ஊர் வேறு மாதிரித் தெரியும்.

கேள்வி (பர்மிங்ஹாமிலிருந்து ஓர் அம்மா): கோவையிலிருந்து என் பெற்றோர் வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது. முழங்கால் வலி உண்டு. எந்த நாளில் போவது, எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்?

பதில்: சந்தை நாளில் போங்கள், அம்மா. திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நான்கு நாட்களும் கோட்டைச் சதுக்கத்தில் சந்தை கூடுகிறது. நான் முதன்முதலில் விசாரிக்காமல் ஒரு செவ்வாய்க்கிழமை போய், வெறும் கல் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். வெள்ளிக்கிழமையைச் சேர்த்துத் திட்டமிட்டால் சனிக்கிழமைக் கூட்டத்திலிருந்தும் தப்பலாம்.

பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து ஹெரிஃபோர்டு போய், அங்கே வடக்கு நோக்கிச் செல்லும் ரயிலில் மாறிக்கொள்ளுங்கள். ஷ்ரூஸ்பரி வழியாகவும் வரலாம். 60 வயது நிறைந்த எவரும் முதியோர் ரயில் சலுகை அட்டை வாங்கலாம். அதற்கு இந்த நாட்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டியதில்லை; வயதைக் காட்டக் கடவுச்சீட்டு போதும். பெரும்பாலான பயணச்சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதால், நீண்ட பயணம் இரண்டு மூன்று போனாலே அட்டையின் விலை திரும்பிவிடும். வந்து போகும் பெற்றோருக்கு இது கிடைக்கும் என்பது நம்மவரில் பலருக்குத் தெரிவதில்லை.

ரயில் நிலையத்திலிருந்து சதுக்கம் வரை பத்து நிமிட நடைதான், ஆனால் ஏற்றம். அப்பாவுக்கு அந்த ஏற்றத்துக்கு மட்டும் டாக்ஸி பிடித்துவிடுங்கள். மேலே சதுக்கம், சர்ச், பட்டர்கிராஸ், கோட்டையின் வெளிமுற்றம் ஆகியவை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கின்றன. பிராட் ஸ்ட்ரீட் ஆற்றை நோக்கிச் சரிகிறது. மேல்முனையில் நின்று பார்த்தாலே முக்கால்வாசி அழகு கிடைத்துவிடும். செங்கல் முகப்புடன் 18ஆம் நூற்றாண்டு வீடுகள்போல் தோன்றும் பலவற்றின் உள்ளே இருப்பது அதற்கு முந்தைய மரச்சட்டகக் கட்டடம். வசதி வந்தபோது முகப்பை மட்டும் புதிதாக்கிக்கொண்டார்கள்.

கேள்வி (லெஸ்டரிலிருந்து ஒருவர்): நாங்கள் சைவம். சாப்பாட்டுக்குப் புகழ்பெற்ற ஊர் என்கிறார்கள். எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். காய்கறி சூப், வெண்ணெயும் சீஸும் வைத்த வேகவைத்த முழு உருளைக்கிழங்கு, சீஸ் ஸ்கோன் ஆகியவற்றுக்கு எந்தத் தேநீர்க் கடையிலும் குறைவில்லை. 'ஃபிட்ஜெட் பை' என்று இந்த மாவட்டத்துக்கே உரிய பண்டம் ஒன்று உண்டு. ஆப்பிளும் வெங்காயமும் போட்டது என்று கடைக்காரர் சொல்லும்போது பன்றி இறைச்சியும் அதில் இருப்பதை மறக்க வேண்டாம். சில இனிப்புப் புட்டிங்குகளில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பார்கள். சில வகைச் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கும். சந்தையில் விற்பவரிடம் கேட்டால் தயங்காமல் சொல்வார். ஷ்ரோப்ஷயர் புளூ என்ற ஆரஞ்சு நிறச் சீஸைச் சொந்த மண்ணின் சரக்கு என்று நம்பி வாங்காதீர்கள். அது 1970களில் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் பக்கம் முதலில் செய்யப்பட்டது. சுவைக்கு ஒரு குறையும் இல்லை.

செப்டம்பரில் கோட்டைக்குள் உணவுத் திருவிழா நடக்கும் வார இறுதியில் தங்கும் விடுதிகளின் விலை ஏறிவிடும். உணவுக்காகவே போகாதவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி (மதுரையிலிருந்து வரலாற்று மாணவி): லட்லோ கோட்டைக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மையா?

பதில்: உண்மை. கோட்டைக்குள் போகும் நம்மவர் அனேகமாகக் கவனிக்காமல் கடந்துவிடுவது இதைத்தான். ராபர்ட் கிளைவ் 1725இல் இதே ஷ்ரோப்ஷயரில், மார்க்கெட் டிரேட்டன் அருகே பிறந்தவர். 1744இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்தவர். அவருடைய மூத்த மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்தார். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும், அதே 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சி உரிமை கம்பெனியின் கைக்குப் போனதும் அவருடைய காலத்தில்தான். ஊர் திரும்பிய பின் 1804இல் போவிஸ் பிரபு என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. 1811இல் லட்லோ கோட்டையை அரசிடமிருந்து விலைக்கு வாங்கினார். இன்றும் கோட்டை போவிஸ் குடும்ப அறக்கட்டளையிடம்தான் இருக்கிறது.

இந்தத் தொடர்பைக் கண்ணால் காண வேண்டுமானால், வேல்ஸின் வெல்ஷ்பூல் ஊரில் இருக்கும் போவிஸ் கோட்டைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஷ்ரூஸ்பரியில் ரயில் மாறிப் போகலாம். திப்பு சுல்தானின் பூவேலைப்பாடு கொண்ட துணிக் கூடாரம் உட்பட இந்தியாவிலிருந்து கொண்டுபோன பொருள்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. போகும் வழியில் ஷ்ரூஸ்பரிச் சதுக்கத்தில் ராபர்ட் கிளைவின் சிலை நிற்கிறது. அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் விருப்பம், நான் எடுத்துக்கொண்டதில்லை.

கேள்வி (அதே மாணவி): கோட்டையிலும் சர்ச்சிலும் எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: கோட்டையின் உள்முற்றத்தில் கூரையில்லாமல் நிற்கும் வட்ட வடிவக் கிறிஸ்தவச் சிற்றாலயத்தைப் பாருங்கள்; அது 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், அரகானின் கேத்தரினை மணந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 1502 ஏப்ரல் 2ஆம் நாள் இந்தக் கோட்டையில்தான் இறந்தார். அரசுரிமை அவருடைய தம்பி எட்டாம் ஹென்றிக்குப் போயிற்று. அண்ணனின் மனைவியைத் தம்பி மணந்ததும், பின்னர் அந்த மணத்தை விலக்க முயன்று ரோமின் திருச்சபையோடு முறித்துக்கொண்டதும் உங்கள் பாடத்தில் வந்திருக்கும்.

சர்ச் புனித லாரன்ஸின் பெயரால் அமைந்தது. கோபுரம் 135 அடி உயரம். ஏற 200 படிகள், குறுகிய சுழற்படிகள். என்னைக் கேட்டால், கோபுரம் ஏற நேரமில்லாவிட்டாலும் பாடகர் பகுதியிலுள்ள மடக்கு இருக்கைகளைப் பார்க்காமல் வரக் கூடாது. நெடுநேரம் நின்று வழிபட வேண்டியவர்கள் சற்றே சாய்ந்துகொள்வதற்காக இருக்கையின் அடிப்புறத்தில் ஒரு சிறு தாங்கு பலகை வைப்பார்கள். இடைக்காலத்தைச் சேர்ந்த அப்படிப்பட்ட 28 பலகைகள் இங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு செதுக்கு வேலைப்பாடு உண்டு. ஒன்றில், அளவு குறைத்து விற்ற பீர்க்கடைக்காரி ஒருத்தியைப் பேய் தோளில் தலைகீழாகப் போட்டுக்கொண்டு நரகத்தின் வாயை நோக்கி நடக்கிறது. அந்த நிலையிலும் அவள் தன் அளவுக் குவளையை விடவில்லை. சந்தையை நம்பிப் பிழைத்த ஊர் எதைப் பெரிய பாவமாகக் கருதியது என்பதை ஒரு முழம் அகலமுள்ள அந்தக் கருங்காலி நிற மரத்தில் பார்க்கலாம்.

கேள்வி (மில்டன் கீன்ஸிலிருந்து ஒருவர்): வயல்களுக்குள் நடக்கலாம் என்கிறார்கள். வேறொருவர் நிலத்தில் நம்மைப் போன்றவர்கள் நடந்து போனால் யாராவது தடுக்க மாட்டார்களா?

பதில்: இந்தத் தயக்கத்தால்தான் நம்மவர் பலர் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். தயங்க வேண்டாம். 'பப்ளிக் ஃபுட்பாத்' என்ற பலகை இருக்கும் பாதையில் நடப்பது உங்கள் சட்டப்படியான உரிமை. நிலம் யாருடையதாக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கு மட்டும் உரிய பாதையையும், நீல அம்புக்குறி குதிரையிலும் சைக்கிளிலும் போகக்கூடிய பாதையையும் குறிக்கும். பாதை பயிருக்கு நடுவே போனால் அதன் வழியாகவே போங்கள். உழுத பின் பாதையை மறுபடி சரிசெய்து கொடுக்க வேண்டியது விவசாயியின் கடமை. பாதையை விட்டு விலகுவதற்கு மட்டும் உங்களுக்கு உரிமை இல்லை.

வேலியைத் தாண்ட 'ஸ்டைல்' என்ற பலகைப் படி இருக்கும். மழைக்குப் பின் வழுக்கும், கைமரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். அரைவட்டக் கூண்டுக்குள் ஆடும் சிறு கதவுகளும் உண்டு. உள்ளே நுழைந்து, ஓரமாக ஒதுங்கி, கதவை நம்மைக் கடந்து தள்ளிவிட்டு வெளியேற வேண்டும்; முதுகுப்பை பெரிதாக இருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். மற்றக் கதவுகளை, திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விடுங்கள். ஆடுகள் தாமே விலகிவிடும். கன்றுள்ள பசுக்கள் அப்படியல்ல. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாமல், தூரமாகச் சுற்றிக்கொண்டு செல்லுங்கள்.

முதல் நடைக்கு ஊரை ஒட்டியே ஒரு வழி சொல்கிறேன். கோட்டையின் பக்கவாட்டில் இறங்கி டினம் பாலத்தைக் கடந்து, எதிரே உள்ள விட்கிளிஃப் பொதுநிலத்தின் மரங்களுக்கிடையே ஏறுங்கள். மேலிருந்து கோட்டையும் கோபுரமும் மலைகளின் பின்னணியில் ஒரே பார்வையில் தெரியும். பின்னர் கிழக்கே இறங்கி லட்ஃபோர்டு பாலத்தைக் கடந்து, பழைய ஏழு நகர வாயில்களில் எஞ்சி நிற்கும் ஒரே வாயிலான பிராட் கேட்டின் அடியில் நுழைந்து ஊருக்குள் ஏறிவிடலாம். நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். ஆற்றை ஒட்டிய கீழ்ப்பாதைக்கு 'ரொட்டி நடை' என்று பெயர். அதை அமைத்த தொழிலாளர்கள் கூலியைக் குடித்துத் தீர்க்காமலிருக்க ரொட்டியாகக் கொடுத்தார்கள் என்று ஊரில் காரணம் சொல்கிறார்கள்.

கேள்வி (லண்டனிலிருந்து ஒருவர்): கார் இல்லாமல் சுற்றுப்புறத்தைப் பார்க்க முடியுமா?

பதில்: ரயில் பாதையை ஒட்டித் திட்டமிட்டால் முடியும். நாட்டுப்புறப் பேருந்துகளை, அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், நம்ப வேண்டாம். வடக்கே அடுத்த நிலையம் கிரேவன் ஆர்ம்ஸ். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் ஸ்டோக்சே கோட்டை. பெயர்தான் கோட்டை, உண்மையில் அது லட்லோவைச் சேர்ந்த லாரன்ஸ் என்ற கம்பளி வணிகர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய, அரண் செய்த வீடு. அரசருக்கே கடன் கொடுக்கும் அளவுக்குச் செல்வர். 1294இல் கம்பளி ஏற்றிய கப்பலோடு கடலில் மூழ்கினார். கம்பளிக்கு வரி விதிக்க அவர் துணைபோனதால் வெறுப்புற்றிருந்தவர்கள், கம்பளிக்காரருக்குச் செய்த பாவம் கம்பளியோடே மூழ்கடித்தது என்று எழுதிவைத்தார்கள்.

அதற்கு அடுத்த நிலையம் சர்ச் ஸ்ட்ரெட்டன். ஊரிலிருந்தே கார்டிங் மில் பள்ளத்தாக்கின் வழியாக லாங் மின்ட் மேட்டுநிலத்துக்கு ஏறலாம். உச்சி 516 மீட்டர். மேலே காற்று பலமாக இருக்கும். ஆகஸ்டில் ஹெதர் செடிகள் பூத்து மேடு முழுவதும் ஊதா நிறமாகிவிடும். கோடையிலும் மழைக் காலணியும் மழைச் சட்டையும் இல்லாமல் ஏறாதீர்கள்.

கேள்வி (ரெடிங் நண்பரே மீண்டும்): பத்து வயது மகனுக்குக் கல், எலும்பு, டைனோசர் என்றால் உயிர். அவனுக்கு ஏதாவது உண்டா?

பதில்: டைனோசருக்கு வெகுகாலம் முந்தையது உண்டு. லட்ஃபோர்டு பாலத்தின் தென்முனையில், சாலை வளைவை ஒட்டிய பாறைச் சரிவில், ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மீன்களின் செதில், முள் ஆகியவற்றின் துணுக்குகள் நிறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. 1830களில் நிலவியலாளர் ரோடரிக் மர்ச்சிசன் ஆராய்ந்து சொன்ன பின் அது புகழ்பெற்றது. பூமியின் வரலாற்றில் ஒரு காலப்பகுதிக்கே உலகெங்கும் 'லட்லோ' என்று பெயர். பாதுகாக்கப்பட்ட இடமாதலால் சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். சாலை குறுகலானது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுக்கு மிக மெல்லியது என்பதால் நேரில் பையன் ஏமாறக்கூடும். பட்டர்கிராஸ் மாடியிலுள்ள சிறிய அருங்காட்சியகத்தை முதலில் காட்டிவிட்டு அங்கே அழைத்துப் போங்கள். அருங்காட்சியகம் எல்லா நாளும் திறப்பதில்லை. நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.