‘பிளட்: தி லாஸ்ட் வாம்பயர்’ – கேட்டவர்களுக்குப் பதில்

2000-இல் புரொடக்‌ஷன் ஐ.ஜி. தயாரித்து, ஹிரோயுகி கிடாகுபோ இயக்கிய அனிமே இது. மனித உருவில் ஒளிந்திருக்கும், இரத்தம் குடிக்கும் பூதங்களை வாளால் வெட்டும் சாயா என்ற பெண்ணின் கதை. ஓடுவது முக்கால் மணி நேரம்தான். முடிவைப் பற்றியும் பேசியிருக்கிறேன், பார்க்காதவர்கள் உஷார்.

கே: ஜப்பானியப் படத்தில் ஏன் இவ்வளவு ஆங்கிலம்? நான் பார்த்தது டப்பிங்கா?

ப: இல்லை, அசலே அப்படித்தான். கதை நடப்பது 1966-இல், டோக்கியோவுக்கு மேற்கே உள்ள யொகோட்டா அமெரிக்க விமானப்படைத் தளத்தில். வேலிக்கு உள்ளே ஆங்கிலம், வெளியே ஜப்பானியம். சாயா இரண்டும் பேசுவாள். அவளுக்குக் குரல் கொடுத்த யூகி குடோ ஹாலிவுட் படங்களிலும் நடித்தவர்.

கே: சாயா ஜப்பானியப் பெண்தானே?

ப: பார்ப்பவர்கள் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய மாணவிகள் போடும் செய்லர் சீருடையோடு போய் நின்றால் வேறென்ன நினைப்பார்கள்! உண்மையில் அவள் எதை வெட்டுகிறாளோ அந்த இனத்தைச் சேர்ந்தவள், அதுவும் மிஞ்சியிருக்கும் மூல வம்சம். மனிதர்களுக்காக வேலை செய்கிறாள், அவர்களோடும் ஒட்டவில்லை. கட்சுயா தெராதா வரைந்த அந்தத் தடித்த உதடும் முறைப்பும் வழக்கமான அனிமே அழகுக்குள் அடங்காதவை. எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான்.

கே: கறுப்பினப் பாத்திரங்கள்?

ப: பின்னணியில் வந்துபோகிறார்கள். நினைவில் நிற்கும்படி ஒருவரும் இல்லை. இங்கேதான் படம் ஒரு நல்ல வாய்ப்பைக் கோட்டைவிட்டது. அமெரிக்கப் படைகளில் நிறப் பாகுபாட்டை ஒழிக்க 1948-இலேயே அதிபர் ட்ரூமன் உத்தரவு போட்டார். ஆனால் தளத்து வாசலைத் தாண்டினால் கதை வேறு. அமெரிக்கத் தளங்கள் நிறைந்த ஒகினாவா தீவின் கொசா நகரத்தில் அந்தக் காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் குடிக்கிற தெரு ஒன்று, கறுப்புச் சிப்பாய்கள் குடிக்கிற தெரு இன்னொன்று. தளத்தை ஒட்டிய மதுக்கடையை இந்தப் படமும் காட்டுகிறது. ஆனால் யார் யாரோடு உட்கார்ந்து குடிக்கலாம் என்ற கேள்விக்குள் போகவில்லை.

கே: தளத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் அந்த நர்ஸ் ஏன் கத்திக்கொண்டே இருக்கிறார்?

ப: எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் நமக்குப் பதிலாகப் பார்ப்பவர் அவர்தான். கடைசியில் விசாரணையில் உட்கார்ந்து சொல்கிறார், நடந்ததற்கு ஒரு தடயமும் இல்லை. கையில் நீட்டப்படுவது சாயாவைப் போலவே ஒருத்தி இருக்கும் 1892-ஆம் ஆண்டுப் பழைய புகைப்படம் ஒன்று.

கே: இதையே நடிகர்களை வைத்து எடுத்த 2009 படத்தில் சாயாவாகக் கொரிய நடிகையைப் போட்டது தப்பில்லையா?

ப: ஜுன் ஜி-ஹ்யுன் மேல் எனக்குக் குறை இல்லை. திரைக்கதை மேல்தான் குறை.

கே: வியட்நாம் போர் கடைசியில் திடீரென்று ஏன் வருகிறது?

ப: திடீரென்று வரவில்லை, தளத்தில் விமானம் இறங்கி ஏறும் சத்தம் முதலிலிருந்தே கேட்கிறதே. மனிதனைத் தின்னும் பூதத்தை இரவோடு இரவாக ஒளித்துவிட்டு, பகலில் குண்டு போட விமானம் அனுப்புகிற இடம் அது. அந்தக் கசப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் குண்டு விழுந்தவர்களில் ஒருவருக்கும் இந்தக் கதையில் பாத்திரம் கிடையாது. 2005-இல் வந்த ‘பிளட் பிளஸ்’ தொடர் ஒகினாவாவில் தொடங்கி வியட்நாமுக்கே போகிறது. அடுத்து அதைப் பாருங்கள்.