இன்னும் அஞ்சு வருஷத்தில் ஆபீஸே இருக்காதாமே?

கேள்வி: நான் மேலூர் பக்கம். பி.காம். முடித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாஸ் செய்திருக்கிறேன். மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பில் என்ட்ரி போடும் வேலை. போகவர பஸ்ஸில் குரூப் 4 புத்தகம் படிப்பேன். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் மாமா பொங்கலுக்கு வந்தவர், “இன்னும் அஞ்சு வருஷத்துல ஆபீஸ் வேலைன்னு ஒண்ணு இருக்காது. எல்லாத்தையும் ஏஐ பாத்துக்கும். டைப்பிங், குரூப் 4ன்னு காலத்தை வீணாக்காதே” என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து புத்தகத்தைத் தொடவே மனசு வரவில்லை. முன்பும் இப்படியெல்லாம் சொல்லியிருப்பார்களே, அவை பலித்தனவா? நான் எதை விடுவது, எதைப் பிடிப்பது?
- வாசகி, மேலூர்

பதில்: உங்கள் மாமா சொன்னதில் விஷயம் இருக்கிறது. அந்த ‘அஞ்சு வருஷ’க் கெடுவை மட்டும் நான் நம்பமாட்டேன். ஆபீஸுக்குக் குறி சொல்வது பல தலைமுறையாக நடந்து வருகிறது. சொன்ன மெஷின் பெரும்பாலும் வந்துவிடுகிறது. அது வந்தபிறகு மனுஷன் என்ன செய்வான் என்று சொன்னதுதான் திரும்பத் திரும்பத் தப்பியிருக்கிறது.

1975ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் அமெரிக்காவின் பிசினஸ் வீக் பத்திரிகை எதிர்கால ஆபீஸைப் பற்றிப் பெரிய கட்டுரை ஒன்று போட்டது. அதில் ஜெராக்ஸ் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் ஜார்ஜ் பேக், இருபது வருஷத்தில் தன் மேசைமேல் கீபோர்டோடு டிவி மாதிரி ஒரு திரை இருக்கும் என்றார். பொத்தானை அமுக்கினால் ஃபைல் அதில் வருமாம், கடிதமும் அதிலேயே வருமாம். காகிதத்தில் அச்சடித்த பிரதி அப்போது எவ்வளவு தேவைப்படும் என்றே தெரியவில்லை என்றும் சொன்னார். மதுரை ஆபீஸ்களில் டைப்ரைட்டரும் கார்பன் பேப்பரும் கோலோச்சிய காலம் அது. நம் ஆட்கள் யாராவது அன்றைக்கு இதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் பேக் ஆகாயத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆல்ட்டோ என்ற கம்ப்யூட்டர் 1973லேயே அவருடைய கூடத்தில் திரை, மவுஸ் சகிதம் ஓடிக்கொண்டிருந்தது. தான் கண்ணால் பார்த்ததைத்தான் அவர் சொன்னார், மெஷின் விஷயத்தில் அது அச்சு அசலாகப் பலித்தது.

காகிதத்தில்தான் கோட்டைவிட்டார்கள். லேசர் பிரிண்டர் பிறந்ததும் அதே ஜெராக்ஸ் கம்பெனியில்தான். 1977இல் 9700 என்ற பெயரில் கடைக்கும் வந்தது. திரையில் ஒரு கடிதத்தைத் திருத்துவது எவ்வளவு சுலபமாயிற்றோ, திருத்தியதை மறுபடி மறுபடி அச்சடிப்பதும் அவ்வளவு சுலபமாயிற்று. 1995 வந்தபோது உலகம் முன்னைவிட அதிகமாக அச்சடித்துக்கொண்டிருந்தது. அபிகெயில் செல்லன், ரிச்சர்ட் ஹார்ப்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்காகவே 2001இல் ஒரு புத்தகம் போட்டார்கள். இமெயில் நுழைந்த ஆபீஸ்களில் காகிதச் செலவு சராசரியாக 40 சதவீதம் கூடியது என்பது அதில் வரும் கணக்கு.

நம் ஊருக்கு வாருங்கள். காகிதத்தைச் சந்தேகித்தவரின் கம்பெனிப் பெயர்தான் இங்கே தாலுகா ஆபீஸ் எதிரே கடைக்குக் கடை போர்டில் தொங்குகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடக்கும்போது ஒருநாள் போய்ப் பாருங்கள். உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வருகிறவர் கையில் காகித மனு இருக்கும். உள்ளே அது கம்ப்யூட்டரில் ஏறும், நம்பர் போட்டு ஒரு ரசீது தருவார்கள். வெளியே வந்ததும் அந்த ரசீதுக்கு இரண்டு காப்பி எடுத்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொள்வார்கள். விவரம் தெரியாததால் செய்வதாக நினைக்காதீர்கள். கையில் ஆதாரம் இல்லாவிட்டால் அடுத்த தடவை கவுன்டரில் வாய் திறக்க முடியாது என்பது அவர்கள் அனுபவத்தில் படித்த பாடம். 1975இல் குறி சொன்னவர்கள் மேசைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கும் அதிகாரியை மட்டும் பார்த்தார்கள். கவுன்டருக்கு வெளியே நிற்பவரைப் பார்க்கவில்லை.

பத்திர ஆபீஸிலும் இதே கதை. 2000இல் ஸ்டார் திட்டம், 2018இல் ஸ்டார் 2.0 என்று பதிவுத்துறை கம்ப்யூட்டருக்கு மாறியது. வில்லங்கத்தை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்காகப் பத்திர எழுத்தர் மறைந்துபோகவில்லை. முத்திரைத்தாளில் மணிமணியாக எழுதிய கைதான் இப்போது இணையத்தில் சர்வே நம்பரை நிரப்புகிறது, ஆதார் விவரம் கேட்கிறது, “ஓடிபி வந்திருக்கா, பாருங்கய்யா” என்கிறது. எங்கோ இருப்பவர் வடிவமைத்த படிவத்துக்கும் இங்கே சொத்து எழுதவந்த பெரியவருக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்போம் என்ற குறியும் பழையதுதான். 1964இல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில் ஆர்தர் சி. கிளார்க், இன்னும் ஐம்பது வருஷத்தில் லண்டன் வேலையைத் தாஹித்தியிலோ பாலியிலோ உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். கிட்டத்தட்டச் சரியான கணக்கு. கொரோனாவின்போது பெங்களூரு வேலையை நம் பிள்ளைகள் கிராமத்து மொட்டை மாடியில் சிக்னல் தேடிப் பார்த்தார்களே. அப்புறம் என்ன ஆயிற்று? இன்டர்நெட் இருந்தது, லேப்டாப் இருந்தது, ஆனாலும் பல கம்பெனிகள் “ஆபீஸுக்கு வா” என்று திரும்பக் கூப்பிட்டுவிட்டன. உங்கள் மாமாவும் வாரத்தில் சில நாளாவது சென்னை ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டுதான் இருப்பார் என்று நினைக்கிறேன். பொருளாதார மேதை கீன்ஸ், நூறு வருஷம் போனால் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தால் போதும் என்று 1930இல் எழுதியதை நான் விவரிக்கப் போவதில்லை. ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் உங்களிடம் அதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘அப்பாடா, ஒன்றும் ஆகாது’ என்று இருந்துவிடாதீர்கள். போன வேலைகளும் உண்டு, அவை திரும்பி வரவில்லை. 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்றது. பேங்குக்குக் கம்ப்யூட்டர் வருவதை எதிர்த்து எண்பதுகளில் ஊழியர் சங்கங்கள் கொடி பிடித்ததை இன்று பலர் கேலியாகப் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிப்பதில்லை. 2000-01இல் பொதுத்துறை வங்கிகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். பிறகு கிளார்க்குகளின் பங்கு குறைந்து அதிகாரிகளின் பங்கு கூடியது. லெட்ஜர் எழுதும் வேலை போய்விடும் என்று பயந்தவர்கள் சரியாகத்தான் பயந்தார்கள். அந்த வேலை போனது, பேங்க் மட்டும் இருந்தது.

உங்கள் டைப்பிங்கையும் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பேச்சைக் கேட்டு மெஷினே எழுதும் என்பதும் வெகுநாள் கனவு. ஐ.பி.எம். 1962இல் காட்டிய ஷூபாக்ஸ் என்ற கருவிக்குப் பதினாறு வார்த்தை தெரியும், அதிலும் பாதிக்குமேல் வெறும் எண்கள். 2017இல் கூகுள் தமிழிலும் குரல் தட்டச்சைக் கொண்டுவந்துவிட்டது. ஆக, நிமிஷத்துக்கு 45 வார்த்தை அடிக்கும் வேகத்துக்கு மட்டும் யாரும் இனிச் சம்பளம் தரமாட்டார்கள். அதற்குள் இருக்கிற வேறு இரண்டு திறமைக்குத் தருவார்கள். அரசுக் கடிதம் எப்படி அமைய வேண்டும் என்று தெரிவது ஒன்று. ‘கருப்பாயூரணி’ என்ற ஊர்ப்பெயர் எங்கே ‘கருப்பா ஊரணி’ ஆகிவிட்டது என்று கண்டுபிடிக்கும் கண் இன்னொன்று. ஹையர் பாஸ் செய்த உங்களுக்கு இரண்டும் வந்திருக்கும்.

ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்கு வருவோம். உங்கள் எதிர்காலம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது எல்லாமே ஆன்லைன், இனிக் கணக்குப் பிள்ளையே வேண்டாம் என்றார்கள். கீழமாசி வீதி மளிகை மண்டிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ரிட்டர்ன் போட ஆள் தேடினார்கள். சரக்கு விற்றவர் தன் பில்லைத் தளத்தில் ஏற்றினால்தான் வாங்கியவருக்கு, அவர் கட்டிய வரிக்கு வரவு கிடைக்கும். ஏற்றாவிட்டால் யாராவது போன் போட்டு, “அண்ணாச்சி, போன மாசம் ரெண்டு பில்லு ஏறலை” என்று தன்மையாகச் சொல்லி, சண்டை வராமல் ஏற்றவைக்க வேண்டும். இந்த வேலை 2017க்கு முன்பு இப்படி இல்லை. கம்ப்யூட்டர் கொண்டுவந்த வேலை இது.

இப்போது உங்கள் இருக்கையைப் பாருங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டும் நிறுவனங்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில், 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸாக அரசுத் தளத்தில் நேரே பதிவாகிறது. காகித பில்லைப் போட்டோ எடுத்தால் எண்களைத் தானே பிரித்துத் தரும் செயலிகளும் வந்துவிட்டன. பில்லைப் பார்த்துப் பார்த்து அடிக்கும் என்ட்ரி வேலை தேயும், அதில் சந்தேகமே வேண்டாம். மாமா சொன்னதில் நிஜம் இதுதான். அதனால் என்ட்ரியிலிருந்து ஒப்பிடும் வேலைக்கு நகருங்கள். விற்றவர்கள் ஏற்றிய பில்களை ஜிஎஸ்டி தளம் தொகுத்துத் தரும் 2பி அறிக்கையையும் கொள்முதல் பதிவேட்டையும் வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பது, இலாகாவிலிருந்து வரும் நோட்டீஸுக்குப் பதில் வரைவு எழுதுவது, இவை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். எக்செல்லில் இரண்டு பட்டியலை ஒப்பிட உங்கள் மாமாவையே சொல்லித்தரச் சொல்லுங்கள். ஏஐயையும் தொட்டுப் பாருங்கள், பயந்து ஒதுங்காதீர்கள். நோட்டீஸுக்கு ஒரு வரைவு எழுதச் சொன்னால் அழகாக எழுதித் தரும். அதிலுள்ள சட்டப் பிரிவு எண்ணும் தேதியும் சரிதானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரின் ரகசியக் கணக்கு விவரத்தை மட்டும் அதில் அப்படியே போட்டுவிடாதீர்கள்.

குரூப் 4ஐ விடச் சொல்லமாட்டேன். டைப்பிஸ்ட் பதவிக்கு உங்கள் சான்றிதழ்கள் பொருந்தும், ‘கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்’ சான்றிதழ் இல்லாவிட்டால் அதையும் முடித்துவிடுங்கள். அரசாங்கம் பழைய பதவிகளை அவ்வளவு சீக்கிரம் கலைக்காது, பெயரை வைத்துக்கொண்டு வேலையை மாற்றிவிடும். டைப்பிஸ்டாகச் சேர்ந்தாலும் திரையில் ஃபைல் நகர்த்துவதுதான் வேலையாக இருக்கும். ஆனால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பது வேண்டாம். இரண்டு தேர்வு வரை எழுதுவது என்று இப்போதே முடிவெடுத்து அப்பா அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் படிக்கும் அந்த நேரம் கிடைத்ததற்கே சந்தோஷப்படலாம்.

ஆடிட்டரிடம் வேலை மாற்றிக் கேட்பதற்கு மட்டும் நேரம் பார்த்துக் கேளுங்கள். செப்டம்பரில் ஆடிட் அறிக்கைக் கெடு நெருங்கும்போது எந்த ஆடிட்டர் காதிலும் ஒன்றும் ஏறாது. தீபாவளி போனஸ் கொடுக்கும் வாரத்தில் கேட்டால், சம்பள உயர்வுக்குத்தான் இப்படி முன்னுரை போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். நடுவில், கெடு முடிந்து அவர் நிதானமாக டீ குடிக்கும் ஒரு சாயங்காலம் பாருங்கள்.