ஹெர்ஷியின் கோப்பை – கடிதம்

வணக்கம்.

அமெரிக்கன் ஹாக்கி லீகின் கால்டர் கோப்பையை வென்ற ஹெர்ஷி பெயர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் 2023–24 சீசன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். மகன் ஆசைப்பட்டதால் டொராண்டோ மார்லீஸ் ஆட்டங்களுக்குக் குடும்பத்தோடு போய்வருகிறோம். அவனுக்கு யாரைப் பிடித்துப்போகிறதோ அவரைக் கொஞ்ச நாளில் மேலே, பெரிய லீகான என்.எச்.எல்.லில் ஆடும் லீஃப்ஸ் அணிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பையன் வாடிப்போகிறான். எனக்கும் ஒரு சந்தேகம். இந்த லீக் பெரிய லீகுக்கான பயிற்சிப் பட்டறைதானே? மேலே நிலைக்க முடியாதவர்கள் வாங்கும் ஒரு கோப்பையை ஓர் ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட அதில் என்ன இருக்கிறது? குறை சொல்லவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகனின் வருத்தம் நியாயமானது. அமெரிக்கன் ஹாக்கி லீகில் 32 அணிகள், மேலே என்.எச்.எல்.லிலும் 32. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை அணி என்பது ஏற்பாடு. ஹெர்ஷி 2005 முதல் வாஷிங்டன் கேப்பிடல்ஸின் துணை அணி. வாஷிங்டனில் ஒருவருக்கு அடிபட்டால் ஹெர்ஷிக்கு போன் வரும், அவ்வளவுதான். இங்கே நன்றாக ஆடிக்கொண்டிருப்பவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாளைக்கு இங்கேயும் முக்கியமான ஆட்டம் இருக்கிறதே என்றெல்லாம் பயிற்சியாளர் மறுக்க முடியாது.

சரி, அனுபவசாலிகளாகப் பார்த்துச் சேர்த்து அணியைப் பலப்படுத்தலாம் என்றால் அதற்கும் விதி இடம் தராது. கோல்கீப்பர்களை விட்டுவிட்டால் ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 18 பேர். அவர்களில் 13 பேர் வளரும் ஆட்டக்காரர்களாக இருந்தே ஆக வேண்டும். அந்த 13 பேரில் 12 பேர், சீசன் தொடங்கும்போது 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. மிச்சமுள்ள ஒருவருக்கு 320 வரை சலுகை. ஆக, பட்டறை என்று நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை.

என்னை அந்தச் சீசனோடு கட்டிப்போட்டதே இதுதான். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 72 ஆட்டங்கள். யார் எப்போது போவார், யார் எப்போது திரும்புவார் என்று தெரியாத ஓர் அணி அதில் 53 ஆட்டங்களை வென்றது. 111 புள்ளிகள். ஹெண்ட்ரிக்ஸ் லாபியேர் என்ற இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் அவர் பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடியது வாஷிங்டனுக்காக. ஏப்ரல் கடைசியில் வாஷிங்டன், நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்று, கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றான பிளேஆஃபிலிருந்து வெளியேறியது. லாபியேர் ஹெர்ஷிக்கு வந்தார், ஆடினார், கால்டர் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். கூட்டிக்கொண்டு போகிறவர்களைத் திருப்பியும் அனுப்புகிறார்கள் என்பதை மகனுக்குச் சொல்லுங்கள்.

கோல்கீப்பர் ஹண்டர் ஷெப்பர்டின் கதை வேறு மாதிரி. கல்லூரி அளவில் மினசோட்டா டுலூத் அணிக்காக அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்களை வென்றவர். இருந்தும் என்.எச்.எல். டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில், அவரை யாரும் எடுக்கவில்லை. இந்த லீகுக்கும் ஒரு படி கீழே இருக்கிற ஈ.சி.எச்.எல்.லில், சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸ் அணிக்கு ஆடி மேலே வந்தார். 2023இல் ஹெர்ஷி கோப்பையை வென்றபோது பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். அந்த அக்டோபரில் வாஷிங்டன் அழைத்தது. முதல் என்.எச்.எல். ஆட்டத்தையே வென்று கொடுத்தார். அப்புறம் மறுபடி கீழே அனுப்பிவிட்டார்கள். நானாக இருந்தால் மனம் விட்டுப்போயிருக்கும். அவர் திரும்பிவந்து அந்தச் சீசனை ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.76 கோல் மட்டுமே விட்டுக்கொடுத்து முடித்தார். எனக்கு இதைவிடப் பெரிய ஆட்டம் தெரியாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, மேலே நிலைக்க முடியாதவர்களின் கோப்பை என்பது. அந்தச் சீசனில் ஹெர்ஷியின் கேப்டன் டிலன் மெக்கில்ராத். 2010 டிராஃப்டில் ரேஞ்சர்ஸ் அவரைப் பத்தாவது ஆளாக எடுத்தது. பத்தாவது என்றால் நட்சத்திரமாக வருவார் என்று நம்பி எடுப்பது. அவர் அப்படி வரவில்லை. அதே டிராஃப்டில் 16ஆவதாக செயின்ட் லூயிஸ் எடுத்தவர் விளாடிமிர் தாரசெங்கோ. தாரசெங்கோவை விட்டுவிட்டு மெக்கில்ராத்தை எடுத்தார்களே என்று ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் வருடக்கணக்கில் புலம்பினார்கள். அந்தப் புலம்பல் மெக்கில்ராத்தின் காதுக்குப் போகாமலா இருந்திருக்கும்? அதுவரை என்.எச்.எல்.லில் கிடைத்ததெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமான ஆட்டங்கள். மற்றபடி பெரும்பாலும் இந்த லீகில்தான்.

2024 ஜூன் 24, திங்கட்கிழமை இரவு. ஃபுளோரிடாவில் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம். ஹாக்கி பார்க்கிற உலகம் மொத்தமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதே இரவில் ஹெர்ஷியில் கால்டர் கோப்பை இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். எதிரணி கலிபோர்னியாவின் பாலைவனத்திலிருந்து வந்த கோச்செல்லா வேலி ஃபயர்பேர்ட்ஸ். முந்தைய வருட இறுதிச்சுற்றில் ஏழாவது ஆட்டத்தில், அதுவும் கூடுதல் நேரத்தில், ஹெர்ஷியிடம் தோற்றுப்போன அதே அணி. இந்த முறையும் 4–4 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. மேட் ஸ்ட்ரோம் போட்ட கோல் முடித்துவைத்தது. அணியின் 13ஆவது கால்டர் கோப்பை.

அந்த இரவில் தாரசெங்கோ, ஃபுளோரிடா பேந்தர்ஸ் ஆட்டக்காரராக ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். மெக்கில்ராத் ஹெர்ஷியின் கேப்டனாக கால்டர் கோப்பையைத் தூக்கினார். பணத்திலும் புகழிலும் இரண்டுக்கும் ஏணிவைத்தாலும் எட்டாது, தெரியும். ஆனால் எட்டு மாதம் பேருந்தில் அலைந்து, வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆடி, பக்கத்து லாக்கர்காரன் மாறிக்கொண்டே இருக்கிற அணியைக் கட்டிக்காத்து அங்கே வந்து நின்ற மனிதரை ‘நிலைக்க முடியாதவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்போதைய பயிற்சியாளர் டாட் நெல்சனும் அப்படித்தான். ஆட்டக்காரராக, துணைப் பயிற்சியாளராக, தலைமைப் பயிற்சியாளராக என்று மூன்று நிலையிலும் இந்தக் கோப்பையை வென்றவர். இந்த லீகை அவர் வாழ்ந்தே தெரிந்துகொண்டார்.

ஊரைப் பற்றிக் கேட்டீர்கள். ஹெர்ஷி, பென்சில்வேனியாவில் சாக்லேட் ஆலையைச் சுற்றி மில்டன் ஹெர்ஷி எழுப்பிய ஊர். கடைத்தெருவில் விளக்குக் கம்பங்களின் தலைகூட சாக்லேட் வடிவில்தான் இருக்கும். மக்கள்தொகை சுமார் 14,000. அரங்கில் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். 1938 முதல் இடைவெளியே இல்லாமல் இந்த லீகில் ஆடிவரும் அணி அது. தாத்தா பார்த்த அதே சட்டையைப் பேத்தி பார்க்கிறாள். சட்டைக்குள் இருப்பவர் மாறுவது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

ஜனவரியில் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். ஹெர்ஷி முதல் கோல் போட்டதும் பார்வையாளர்கள் கொண்டுவந்த கரடி பொம்மைகளையும் மற்ற மென்பொம்மைகளையும் பனித்தரையில் வீசுவார்கள். நாலாபக்கமும் மேலிருந்து கொட்டும். ஆட்டம் நின்றுவிடும். பொம்மைகளை அள்ளிக் குவித்து எண்ணி, உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். 2024இல் அப்படி விழுந்தவை 74,599. அடுத்த வருடம் 1,02,343. ஒரு லட்சம் பொம்மைகளை அவர்கள் எந்த நட்சத்திரத்துக்காகவும் வாங்கிவரவில்லை. அன்று கோல் போடப்போவது யாரென்றே வாங்கும்போது தெரியாது.

உங்கள் மார்லீஸும் 2018இல் இதே கோப்பையை வென்ற அணிதான். உங்களுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு அணிகளின் அரங்குகளும் ஒரே நகரத்தில், சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. மகனுக்குப் பிடித்தவர் மேலே போனாலும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான் இருப்பார்.

அடுத்த முறை போகும்போது சட்டை மார்பில் ‘சி’ என்று போட்டிருப்பவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். அவர்தான் கேப்டன். இந்த லீகில் பெரும்பாலும் கொஞ்சம் வயதான ஆளாக இருப்பார். புதிதாக வந்த பையன் தப்புச் செய்துவிட்டு பெஞ்சுக்குத் திரும்பும்போது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்னவோ சொல்வார். அவரை மேலே கூப்பிடுவது அபூர்வம். சீசன் முடியும்வரை உங்கள் மகன் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அன்புடன்.